எட்டுக்கு ஒன்றாய் வற்றவைத்த குடிநீர்

அந்த வீட்டில் சன்னல் திறப்பதற்கு நேரம் குறித்திருந்தது. காலை பத்து மணிக்கு எதிர்ச்சுவரில் வெயில் இறங்கியதும் கால்மணி நேரம் திறக்கலாம். பிறகு சாத்திவிட வேண்டும். சாத்தினாலும் போதாது. கதவுக்கு அடியில் இருக்கிற இடுக்கில் பழைய கம்பளித் துணியைச் சுருட்டி வைக்க வேண்டும். காற்று பிடரி வழியாகத்தான் உடம்புக்குள் நுழைகிறது, எல்லா வருத்தத்தையும் கையோடு கூட்டிக்கொண்டு வருகிறது என்பது வீட்டுக்கார அம்மா சிஞ்ஞோரா எமிலியானாவின் உறுதி.

பலேர்மோ நகரத்தில், வியா மக்வேதா என்ற பெரிய தெருவில் இருந்து உள்ளே பிரிகிற ஒரு சந்தில், மூன்றாம் மாடியில் அந்த வீடு. செலஸ்ரீனா அங்கே நாலு வருடமாகத் தங்கி வேலை செய்கிறாள். பிறந்தது மன்னார்ப் பக்கம் பேசாலை. வயது ஐம்பத்து மூன்று. கணவர் விமலராஜ் பலேர்மோ துறைமுகத்தில் சாமான் இறக்குகிற வேலையில் இருந்தார். உடம்பு சுகமாகத்தானே இருக்கிறது என்று பிரஷர் குளிசையை நிறுத்தினார். நிறுத்தி மூன்றாம் மாதம் ஒரு காலையில் கப்பலடியில் விழுந்தார். எழும்பவில்லை. மகள் யூலியானா கலியாணம் முடித்து வடக்கே போய்விட்டாள். தனி ஒருத்திக்கு ஒரு வீடு எதற்கு என்று, வயதானவர்களோடு தங்கிப் பார்க்கிற வேலையாகத் தேடி வந்து சேர்ந்தாள் செலஸ்ரீனா. படுக்கையும் சாப்பாடும் அங்கேயே. பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கக் காட்டுகிற வேலைக் கடுதாசியும் அந்த வீட்டால்தான். அன்றைக்கு அது பெரிய வசதியாகத் தெரிந்தது. ஒன்று போனால் மூன்றும் போகும் என்று அன்றைக்கு அவள் நினைக்கவில்லை.

சிஞ்ஞோராவுக்கு எண்பத்திரண்டு வயது. இதயம் சீராக அடிக்காது. அதற்காக இரத்தத்தை இளக்குகிற குளிசை ஒன்றைத் தினமும் பின்னேரம் விழுங்குவார். மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் சோதித்து, அந்தக் குளிசையைக் கூட்டுவதா குறைப்பதா என்று குடும்ப டொக்டர் சொல்வார். அது அவருக்குப் பெரிய காரியமாகத் தெரியவில்லை. அவருடைய விசுவாசமெல்லாம் சீன வைத்தியத்தில்தான். ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தெருவில் லின் என்று ஒரு சீனப் பெண் டொக்டர் இருந்தார். வருத்தம் வந்த பிறகு ஓடித் திரிவதை விட, வராமல் உடம்பைக் காப்பதுதான் வைத்தியம் என்று அவர் சொன்னதைச் சிஞ்ஞோரா வேதவாக்காக எடுத்துக்கொண்டார்.

எழும்பியவுடன் ஒரு கோப்பை சுடுதண்ணீர். விரல்களால் தலையை முன்னிருந்து பின்னாக நூறு தரம் வாருவது. பிறகு வானத்தைத் தாங்குவதுபோல் கையைத் தூக்கி, வில்லை இழுப்பதுபோல் இழுத்து, எட்டு விதமாகச் செய்கிற பயிற்சி. முழங்காலுக்குக் கீழே நாலு விரல் தள்ளி ஒரு பள்ளம் இருக்கிறது, அதைக் கட்டைவிரலால் அழுத்துவது. பச்சைக் காய் வேண்டாம், ஐஸ் தண்ணீர் வேண்டாம். வயிறு முக்கால் நிறைந்ததும் கரண்டியை வைத்துவிட வேண்டும். எட்டு மணிக்கு வெந்நீரில் கால் வைத்து, ஒன்பதுக்கு விளக்கை அணைக்க வேண்டும்.

இதெல்லாம் சிஞ்ஞோரா ஒருவருக்கு என்றால் பரவாயில்லை. வீட்டில் இருக்கிற இரண்டு உடம்பும் ஒரே மாதிரி நடக்க வேண்டும் என்பது அவருடைய சட்டம். செலஸ்ரீனாவும் காலையில் வில் இழுத்தாள். ஆடி மாத வெயிலிலும் கழுத்தில் துணி சுற்றினாள். பொய் சொல்லக்கூடாது, அவளுக்கு அதனால் நன்மைதான். பாதவெடிப்பு மாறியது, இரத்தத்தில் சீனி குறைந்தது, மலச்சிக்கல் என்ற பேச்சே இல்லை. ஆனால் ஒன்பதரைக்கு ரெலிபோனில் பெண்கள் சேர்ந்து சொல்லுகிற செபமாலையில் அவளால் கலந்துகொள்ள முடியாமல் போனது. இருட்டில் போர்வைக்குள் உதடு அசையாமல் தனிய மணி உருட்டினாள். சந்தைக்குப் போய் வருவதை விட்டால், வியாழன் பின்னேரமும் ஞாயிறு பகலும் மட்டும்தான் அவளுக்கு வெளிக்காற்று.

மார்கழி கழிந்து குளிர் இறுகியபோது சிஞ்ஞோராவுக்கு முழங்கால் நோவு தாங்க முடியாமல் வந்தது. லின் டொக்டரிடம் கூட்டிப் போனாள். டொக்டர் நாக்கைப் பார்த்தார், இரண்டு மணிக்கட்டிலும் மூன்று மூன்று விரல் வைத்து நாடி பார்த்தார். பிறகு, வேறென்ன மருந்து எடுக்கிறீர்கள் என்று கேட்டார்.

"விற்றமின் மட்டும்தான்," என்றார் சிஞ்ஞோரா.

செலஸ்ரீனா பக்கத்துக் கதிரையில்தான் இருந்தாள். சிஞ்ஞோராவின் செருப்பு அவளுடைய சப்பாத்தின் மேல் மெல்ல ஏறி அழுத்தியது. அவள் வாயைத் திறக்கவில்லை. குளிசையை விட்டால்தானே ஆபத்து, விமலராஜ் விட்டதால்தானே போனார், சிஞ்ஞோரா விடவில்லையே, இரண்டையும் எடுத்தால் இரட்டைக் காவல்தானே என்று தன் மனதைத் தானே சமாதானம் பண்ணிக்கொண்டாள்.

டொக்டர் முப்பது பொட்டலம் கட்டிக் கொடுத்தார். ஒரு பொட்டலம் இரண்டு நாளுக்கு. அரைமணி நேரம் ஊறவிட்டு அரைமணி நேரம் காய்ச்சி, வடித்ததைப் பாதியாய்ப் பிரித்து, பாதியை அடுத்த நாளுக்குக் குளிரூட்டியில் வைக்கச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் சிஞ்ஞோரா தன் கட்டில் தலைமாட்டில் இருந்த சந்தா றொசாலியா என்ற புனிதையின் படத்தை எடுத்து மடியில் வைத்தார். மகன் சால்வோ மிலானோவில் இருக்கிறார். போன வருடம் அவர் வந்தபோது பிரிக்காமல் இருந்த சீனப் பொட்டலங்களைக் கண்டு குப்பையில் கொட்டிவிட்டு, இனி இந்தக் கண்ட கண்ட வேரைக் குடித்தால் முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விடுவேன் என்று சொல்லிப் போனவர்.

"இதிலை கையை வை," என்றார் சிஞ்ஞோரா. "சால்வோவுக்குச் சொல்லமாட்டாய். குடும்ப டொக்டருக்கும் சொல்லமாட்டாய்."

பலேர்மோவில் இருக்கிற எங்கள் ஆட்களுக்குச் சந்தா றொசாலியா யார் என்று சொல்லத் தேவையில்லை. விமலராஜ் போனபோதும், யூலியானாவுக்குப் பிள்ளை தங்காமல் இருந்தபோதும் ஊருக்கு மேலே நிற்கிற மலையேறி அந்தப் புனிதையின் குகையில் முழங்காலில் நின்றவள் செலஸ்ரீனா. வேறு எந்தப் படமாக இருந்தாலும் கொஞ்சம் யோசித்திருப்பாள். கிழவியின் கண்ணில் நின்ற பயத்தைப் பார்த்தாள், கையை வைத்தாள்.

அடுத்த நாள் பொட்டலத்தைப் பிரித்தபோது அவளுக்குச் சந்தோசமாக இருந்தது. உள்ளே கறுவாப்பட்டை இருந்தது, இஞ்சி இருந்தது, காய்ந்த இலந்தைப்பழம் இருந்தது. வெள்ளையாய்ச் சீவின ஒரு வேர்தான் தெரியாதது, செலரிக் கீரை மாதிரி மணந்தது. மற்றதெல்லாம் தெரிந்த முகங்கள். இது எங்கள் ஊரில் காய்ச்சுகிற மருந்துக் குடிநீர்தானே, குடிநீர் காய்ச்ச எனக்கா சொல்லித் தர வேண்டும் என்று நினைத்தாள். பல்லரோச் சந்தையில் ஒரு மண்சட்டி வாங்கி வைத்திருந்தாள். எட்டுக் கோப்பைத் தண்ணீர் விட்டு, நெருப்பை மெல்லமாய் வைத்து, ஒரு கோப்பையாய் வற்றும் வரைக்கும் இரண்டு மணி நேரம் காய்ச்சினாள். எட்டுக்கு ஒன்றாய் வற்றினால்தான் குடிநீரில் சத்து இறங்கும். அதைப் பாதியாக்கி அடுத்த நாளுக்கு வைப்பதா? ஆறி ஒரு இரவு கழிந்த குடிநீரை எங்கள் வீடுகளில் ஒருவரும் வாயில் வைப்பதில்லை. சீனத்தில் அடுப்பு எரிக்க நேரம் இல்லாதவர்களுக்குச் சொல்லுகிற முறை அது என்று நினைத்துக்கொண்டு, இரண்டு நாள் மருந்தை ஒரே நாளில் கொடுத்தாள். நாளுக்கு ஒரு புதுப் பொட்டலம். அன்போடுதான் செய்தாள்.

ஒரு கிழமையில் சிஞ்ஞோரா தடி இல்லாமல் சமையலறை வரைக்கும் நடந்தார். "உன்ர கையிலை காய்ச்சினால்தான் கேட்குது," என்று அவளுடைய கன்னத்தைக் கிள்ளினார். நாலு வருடத்தில் அப்படி ஒரு வார்த்தை அந்த வாயில் இருந்து வந்ததில்லை. அன்றைக்குச் செலஸ்ரீனா பாட்டொன்றை முணுமுணுத்தபடி சட்டி கழுவினாள்.

மாதாந்த இரத்தச் சோதனைக்குப் போகவேண்டிய நாள் வந்தது. வெளியே குளிர்காற்று. வெறும் வயிற்றோடு இந்தக் காற்றில் இறங்கினால் முழங்கால் திரும்பவும் பிடிக்கும் என்று சிஞ்ஞோரா கட்டிலை விட்டு எழும்பவில்லை. இன்னொரு நாள் போகலாம் என்றார். செலஸ்ரீனா இரண்டு தரம் கேட்டுப் பார்த்துவிட்டு விட்டாள்.

மருந்து தொடங்கி மூன்றாம் வாரம், ஒரு திங்கட்கிழமை உடம்பு துடைக்கும்போது சிஞ்ஞோராவின் மேற்கையில் கத்தரிப்பூ நிறத்தில் இரத்தம் கண்டிப் போயிருந்தது. நாலு அடையாளம், விரல் வைத்து இறுக்கிப் பிடித்த மாதிரி. செலஸ்ரீனா கட்டிலில் இருந்து எழுப்பும்போது பிடிக்கிற இடம்தான் அது. ஆனால் அவள் நாலு வருடமாக அப்படித்தான் பிடிக்கிறாள், ஒருநாளும் கண்டினதில்லை.

பின்னேரம் ஆறு மணிக்கு வழமைபோல சால்வோ வீடியோவில் வந்தார். தாய் தலைமயிரை ஒதுக்கக் கையைத் தூக்கியபோது சட்டைக்கை கீழே இறங்கியது.

"அம்மா, அதென்ன கையிலை?"

சிஞ்ஞோரா கையை இறக்கி மடியில் ஒளித்தார். தெரியாது, கிழட்டு உடம்பு என்றார். அதைச் சொன்ன விதமே சரியில்லை. சால்வோ திரைக்குக் கிட்டக் குனிந்து பார்த்தார். பிறகு செலஸ்ரீனாவைத் திரைக்கு முன்னால் வரச் சொன்னார். சனிக்கிழமை தான் வருவதாகச் சொன்னார்.

"அதுக்குள்ளை உன்ர பக்கத்துக் கதையை நல்லா யோசிச்சு வை. வந்து நான் கேட்பன். பிறகு போலீஸ் கேட்கும்."

செலஸ்ரீனா சிஞ்ஞோராவைப் பார்த்தாள். ஒரு சொல் போதும். இவள் என்னை அடிக்கவில்லை என்று ஒரு சொல். சிஞ்ஞோரா மேசைவிரிப்பின் நூலை இழுத்துக்கொண்டிருந்தார். அடிக்கவில்லை என்றால் பிறகு எப்படி வந்தது என்று மகன் கேட்பான், அந்தக் கேள்வி சீனப் பொட்டலத்தில் போய் நிற்கும், அது முதியோர் இல்லத்தில் போய் முடியும். அந்தக் கணக்கு அவருக்கு. அன்றிரவு கால் வெந்நீரில் இருக்கும்போது மட்டும், "சனிக்கிழமைக்குள்ளை மாறிவிடும்," என்றார்.

மாறவில்லை. புதன்கிழமை தொடையிலும் ஒன்று வந்திருந்தது.

அன்று காலை பல்லரோவில் மரக்கறி வாங்கப் போனபோது அகஸ்ரீனாவைக் கண்டாள். அகஸ்ரீனா இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டில் வேலை செய்கிறவள், அவளும் மன்னார்தான். கழுத்துத் துணியைப் பார்த்ததும் வழமைபோல பகிடியைத் தொடங்கினாள்.

"என்னக்கா, இன்னும் சுளுக்கு மாறேல்லையோ?"

செலஸ்ரீனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. வெண்டிக்காய்க் குவியலுக்கு முன்னால் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னாள். விட்டுவிட்டு வரும்படி அகஸ்ரீனா சொன்னாள், தன் அறையில் ஒரு பாய் போட இடம் இருக்கிறதாம். பெர்மெஸோ அடுத்த மாதம் முடிகிறது, வேலைக் கடுதாசி இல்லாமல் குவெஸ்தூரா என்கிற போலீஸ் கந்தோருக்குப் போய் எதைக் காட்டுவது என்று செலஸ்ரீனா கேட்டாள். அதோடு இப்போது ஓடினால் அடித்துவிட்டு ஓடினாள் என்றுதான் பெயர் வரும்.

"அப்ப உண்மையைச் சொல்லுங்கோவன்."

"சத்தியம் பண்ணிப்போட்டன்."

"ஆரிலை?"

"சந்தா றொசாலியாவிலை."

அகஸ்ரீனா நெற்றியில் சிலுவை போட்டாள். "வேறை ஆரும் சின்னப் புனிதராப் பாத்துப் பண்ணியிருக்கக் கூடாதோ அக்கா?" என்றாள். பிறகு வெண்டிக்காயின் முனையை ஒடித்துப் பார்த்தபடி, "அந்த மருந்தை ஆர் காய்ச்சிறது?" என்று கேட்டாள்.

"நான்தான். எட்டுக்கு ஒண்டா வத்த வைச்சுத்தான் குடுக்கிறன்."

"சீனாக்காரி அப்பிடியோ சொன்னவ?"

செலஸ்ரீனாவுக்குக் கையில் இருந்த பை கனத்தது. இவ்வளவு நாளும் தான் பொய்க்குள் மாட்டுப்பட்டவள் என்றுதான் நினைத்திருந்தாள். அந்தக் கத்தரிப்பூ அடையாளங்களைத் தன் கையே போட்டிருக்கலாம் என்பது அங்கே, அந்தச் சந்தையின் இரைச்சலுக்கு நடுவில்தான் முதல்முறையாக நெஞ்சில் விழுந்தது.

வியாழன் காலையில் சிஞ்ஞோரா பல் தீட்டிய தண்ணீர் சிவப்பாக வந்தது. துவாயில் ஒற்றி எடுத்தாலும் பல்முரசில் இருந்து திரும்பவும் ஊறியது. செலஸ்ரீனா அன்றைக்கு அடுப்பு மூட்டவில்லை. பொட்டலம் முடிந்துவிட்டது என்று ஒரு பொய் சொன்னாள். தன்னுடைய விடுதலை நேரம் வரும்வரை ஆண்டவரே ஆண்டவரே என்று நின்றாள். இரண்டு மணிக்கு மண்சட்டியை ஒரு பையிலும் குளிசைப் பெட்டியை மேற்சட்டைப் பையிலும் வைத்துக்கொண்டு ஸ்ரேசன் பக்கம் நடந்தாள்.

லின் டொக்டருக்கு ஆட்கள் இருந்தார்கள். காத்திருந்தாள். முறை வந்து உள்ளே போனபோது நாலரை. சட்டியை மேசையில் வைத்தாள். அடியில் முந்தின நாள் சக்கை சீனிப்பாணி மாதிரி ஒட்டிக்கிடந்தது. டொக்டர் மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார்.

"எத்தினை கோப்பைத் தண்ணி விட்டனீங்கள்?"

"எட்டு."

"கடைசியிலை எவ்வளவு வந்தது?"

"ஒண்டு."

"அது எத்தினை நாளுக்கு?"

"ஒரு நாளுக்கு," என்றாள் செலஸ்ரீனா. "அடுத்த நாளுக்கு வைச்சால் பழுதாப் போகும் எண்டு..."

குளிசைப் பெட்டியையும் எடுத்து வைத்தாள். அதன் பெயரை வாசித்ததும் டொக்டரின் முகம் மாறியது. எழும்பிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார். விற்றமின் என்று சிஞ்ஞோரா சொன்ன நேரத்தில் தானும் பக்கத்தில் இருந்ததாகவும், தெரிந்துகொண்டுதான் வாயை மூடியிருந்ததாகவும் செலஸ்ரீனா சொன்னாள்.

டொக்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். அந்த வெள்ளை வேர் இரத்தத்தை ஓடவைக்கிறது, இந்தக் குளிசை இரத்தத்தை உறையவிடாமல் வைக்கிறது, இரண்டையும் ஒரே உடம்பில் சேர்க்கக்கூடாது, அதுவும் இரட்டிப்பாய், இவ்வளவு தடிப்பாய் என்று மெதுவாக விளக்கினார். தன்னையும் அவர் விட்டுவைக்கவில்லை. இந்த வயதில் ஒருவர் வந்தால் வாய்ச்சொல்லை நம்பாமல், பெட்டியைக் கொண்டுவந்து காட்டு என்று தான் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

"தோலிலை வாறது கண்ணுக்குத் தெரியுது. உள்ளுக்கை கசிஞ்சால் தெரியாது. தலைக்குள்ளை கசிஞ்சால் நேரமே இல்லை. இண்டைக்கே ஆஸ்பத்திரி."

"நான் டொக்டருக்குச் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான்."

"எனக்குச் சொல்லிப்போட்டீங்களே."

"உங்களைச் சிஞ்ஞோரா சொல்லேல்லை. குடும்ப டொக்டரைத்தான் சொன்னவ."

டொக்டர் அவளை ஒரு மாதிரிப் பார்த்தார். சிரிக்க வேண்டிய நேரம் அது இல்லை என்பதால் சிரிக்கவில்லை போலும். விலாசத்தை எழுதி வாங்கிக்கொண்டார். ஆறே காலுக்குள் ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்டுவிட்டோம் என்று தகவல் வராவிட்டால், தானே அம்புலன்சைக் கூப்பிட்டு வாசலுக்கு அனுப்புவேன் என்றார்.

வியா மக்வேதாவில் கடைக்கு வந்த சனத்துக்குள் நுழைந்து நுழைந்து, கழுத்துத் துணி அவிழ்ந்ததும் தெரியாமல் ஓட்டமும் நடையுமாக வந்தாள். மூன்று மாடி ஏறியதும் சிஞ்ஞோரா முதலில் பார்த்தது அவளுடைய வெறும் கழுத்தைத்தான். காற்றில் இப்படியா வருவது என்றார்.

செலஸ்ரீனா அவருடைய காலடியில் இருந்தாள். லின் டொக்டர் சொன்னதை ஒன்றும் விடாமல் சொன்னாள். தான் காய்ச்சியதில் இருந்த பிழையையும் சொன்னாள். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போவோம், என்னைச் சத்தியத்தில் இருந்து விட்டுவிடுங்கோ என்று கெஞ்சினாள். சிஞ்ஞோரா உதட்டைத் துவாயால் ஒற்றினார், துவாய் சிவந்தது.

"விடமாட்டன். நீ சொன்னால் நான் இல்லத்துக்கு, நீ றோட்டுக்கு. யோசிச்சுப் பார்."

"யோசிச்சுப் பாத்துட்டன் சிஞ்ஞோரா."

"அப்ப வாயை மூடு."

மேசையில் ரெலிபோன் அடித்தது. ஆறு மணி. சிஞ்ஞோரா அதைத் தன் பக்கம் இழுக்கக் கையை நீட்டினார், கை எட்டவில்லை. செலஸ்ரீனா எழும்பி, முதலில் படுக்கையறைக்குப் போனாள். றொசாலியாவின் படத்தில் தான் முன்பு கை வைத்த அதே இடத்தில் கையை வைத்தாள். தாயே, நான் முறிக்கப்போகிறேன், இந்த மனுசிக்கு ஒன்றும் வராமல் பார், தண்டனையை என்னில் வை என்றாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வந்து ரெலிபோனை எடுத்தாள்.

சால்வோவிடம் அவள் தன்னை நியாயப்படுத்திக் கதைக்கவில்லை. சீன மருந்து கொடுத்தது, குளிசையை மறைத்தது, தான் எட்டுக்கு ஒன்றாய் வற்றவைத்தது, இரத்தச் சோதனைக்குப் போகாமல் விட்டது, எல்லாவற்றையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னாள். கடைசியாக, "உங்கட அம்மாவுக்கு முரசாலை இரத்தம் வருது, நிக்குதில்லை. என்னை என்ன செய்யிறதெண்டாலும் பிறகு செய்யுங்கோ," என்றாள். சிஞ்ஞோரா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். சால்வோ மிலானோவில் இருந்தபடியே அம்புலன்சைக் கூப்பிட்டார், செலஸ்ரீனா லின் டொக்டருக்குத் தகவல் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில், இரத்தம் தண்ணீராய்ப் போயிருக்கிறது, இன்னும் ஒருநாள் பிந்தியிருந்தால் தங்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்றார்கள். மாற்று மருந்து ஏற்றினார்கள். தலையைப் படம் பிடித்தார்கள், ஒன்றும் இல்லை. நாலாம் நாள் வீட்டுக்கு விட்டார்கள்.

சால்வோ தாயை இல்லத்தில் விடவில்லை. செலஸ்ரீனாவையும் நிறுத்தவில்லை. தன்னிடம் உண்மை சொன்ன ஒரே ஆள் நீதான் என்று சமையலறையில் வைத்துச் சொன்னார். போலீஸ் கதையை எடுத்ததற்கு வருத்தம் என்றும் சொன்னார். பெர்மெஸோவுக்கு வேண்டிய கடுதாசியில் அன்றே கையெழுத்துப் போட்டார். லின் டொக்டரும் குடும்ப டொக்டரும் ரெலிபோனில் கதைத்து, வேரும் பட்டையும் இனி இல்லை, சுடுதண்ணீரும் நடையும் கால் நனைப்பதும் நேரத்துக்கு நித்திரையும் மட்டும் தொடரலாம் என்று முடிவு பண்ணினார்கள். பிறகு சால்வோ ஒரு ஏணியில் ஏறி, அடுப்புக்கு மேலே ஒரு கமராவைப் பூட்டினார். குளிசைகளைப் பூட்டுப் பெட்டியில் வைத்தார். நிலைமை சீராகும் வரைக்கும் வியாழன் பின்னேரம் வெளியே போகவேண்டாம், ஞாயிறு ஐந்து மணிக்குள் திரும்பிவிட வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். உன்னை நம்புகிறபடியால்தான் கேட்கிறேன் என்றார். செலஸ்ரீனா தலையாட்டினாள். கெட்ட பெயர் போய்விட்டது. இனி தேத்தண்ணி வைத்தாலும் மிலானோவில் இருந்து ஒருவர் பார்க்கலாம்.

எல்லாவற்றையும் விடக் கொடியது சிஞ்ஞோராவின் மௌனம். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நின்று வானத்தைத் தாங்கினார்கள், வில் இழுத்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கோப்பை வெறுமையானால் சிஞ்ஞோரா அதை விரலால் தள்ளுவார், அவ்வளவுதான். செலஸ்ரீனா முழங்காலுக்குக் கீழே அந்தப் பள்ளத்தை அழுத்தும்போது, நோகுதா என்று கேட்பாள். பதில் வராது. சன்னல் பத்து மணிக்குத் திறந்து பத்தேகாலுக்குச் சாத்தியது. மூன்று கிழமை அப்படிப் போனது.

முறித்த சத்தியத்துக்குப் பரிகாரமாக வெறுங்காலோடு மலை ஏறுவதாகச் செலஸ்ரீனா நேர்ந்திருந்தாள். பாவசங்கீர்த்தனத்தில் சுவாமி, ஓர் உயிரைக் காக்கத்தானே, அது பாவம் இல்லை என்று சொல்லியிருந்தார். ஆனாலும் அது சுவாமி சொன்னது. புனிதைக்கும் அவளுக்கும் இடையில் இருந்த கதை வேறு.

ஞாயிறு காலையில் ஒருநாளும் இல்லாத குளிர். சப்பாத்தைப் போடக் குனிந்தபோது, சப்பாத்துக்குள் எதுவோ அடைத்திருந்தது. இழுத்து எடுத்தாள். சிஞ்ஞோராவின் தடித்த கம்பளிக் காலுறை, மண்ணிறம், குதிக்காலில் கையால் தைத்த தையல். திரும்பிப் பார்த்தாள். சிஞ்ஞோரா கதிரையில் சுவரைப் பார்த்தபடி இருந்தார்.

"எங்கை போறாய் எண்டு தெரியும்," என்றார். மூன்று கிழமைக்குப் பிறகு வந்த குரல் கரகரத்தது. "குளிர் காலாலைதான் ஏறும்."

செலஸ்ரீனா அந்தக் காலுறையைப் போட்டுக்கொண்டு படியிறங்கினாள். மலையடிவாரத்தில் பஸ்சால் இறங்கி, பழைய கல்லுப் பாதை தொடங்குகிற இடத்தில் குந்திச் சப்பாத்தையும் காலுறையையும் கழற்றினாள். காலுறையை ஒன்றுக்குள் ஒன்றாய் மடித்து, சப்பாத்தோடு கைப்பையில் வைத்தாள். கல் ஐஸ் மாதிரி இருந்தது. முதல் வளைவிலேயே பாதம் மரத்துப்போனது. பாதி ஏறி நின்று பார்த்தபோது கீழே துறைமுகத்தில் நேப்பிள்சுக்குப் போகிற கப்பல் மெல்லப் பின்வாங்கித் திரும்பிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு ஏறினாள்.

குகைக்குள் எப்போதும்போலத் தண்ணீர் சொட்டியது. அவள் நீளமாக ஒன்றும் சொல்லவில்லை. சொன்னபடி வந்துவிட்டேன் என்றாள். சிஞ்ஞோராவின் முழங்காலுக்காக ஒரு திரி ஏற்றினாள். வாசலுக்கு வந்து, ஈரப் பாதத்தைக் கழுத்துத் துணியால் துடைத்துவிட்டுக் காலுறையையும் சப்பாத்தையும் திரும்ப மாட்டினாள். நேரத்தைப் பார்த்தாள். மூன்றே கால். அடுத்த பஸ்சைப் பிடித்தால் ஐந்துக்குள் போய்ச் சேரலாம். எட்டு மணிக்கு வெந்நீர் வைக்க வேண்டும்.